விளம்பரத்தில் கிடைக்காத வேலை

வைவா முடிகிறது, சால்வை போர்த்துகிறார்கள், பெயருக்கு முன்னால் 'முனைவர்' வந்து சேர்கிறது. அடுத்து என்ன என்று கேட்டால் மதுரை வட்டாரத்து அறிவியல் ஆய்வாளர்கள் பெரும்பாலும் சொல்லும் பதில், ஆசிரியர் தேர்வு வாரியத்தின் (டி.ஆர்.பி.) தேர்வு வரட்டும் என்பதுதான். அரசுக் கலை அறிவியல் கல்லூரிகளில் 4,000 உதவிப் பேராசிரியர் இடங்களுக்கு 2024 மார்ச்சில் அறிவிக்கை வந்தது. ஆகஸ்ட்டில் நடக்கவேண்டிய தேர்வு தள்ளிப்போனது. காத்திருக்கும் காலத்தில் கௌரவ விரிவுரையாளராகப் போனால் மாதம் 25,000 ரூபாய் கிடைக்கும், அதுவும் ஆண்டுக்குப் பதினோரு மாதம்தான். இதற்கிடையே வரிசை நீண்டுகொண்டே போகிறது. முனைவர் பட்ட ஆய்வுக்குப் பதிவு செய்தவர்கள் 2014-15-இல் நாடு முழுவதும் 1.17 லட்சம் பேர், 2021-22-இல் 2.12 லட்சம் பேர் என்கிறது மத்திய அரசின் உயர்கல்விக் கணக்கெடுப்பு. அந்தப் பட்டியலில் தமிழ்நாடு முன்வரிசையில் நிற்கிறது. ஆக, பட்டம் பெற்றவர் எண்ணிக்கை ஏறும் வேகத்துக்கு நிரந்தர வேலை ஏறவில்லை. இந்த இடைவெளியில் பலருடைய கண்ணில் படாமலே போகும் வழி ஒன்று இருக்கிறது. அதைப் போஸ்ட்டாக் என்கிறார்கள்.

முனைவர் பட்டம் முடித்த ஒருவர், இன்னொரு பேராசிரியரின் ஆய்வகத்தில் இரண்டு மூன்று ஆண்டுகள் சம்பளத்துடன் முழுநேர ஆய்வு செய்வதுதான் போஸ்ட்டாக். அதில் தேர்வு கிடையாது, பட்டமும் கிடையாது. கைடு கொடுத்த தலைப்பில் வேலை பார்த்து முடித்தவர், தன் கேள்வியைத் தானே எழுப்பிப் பதில் தேடக் கற்றுக்கொள்ளும் காலம் அது. 1919-இல் ராக்ஃபெல்லர் அறக்கட்டளையின் பணத்தைக் கொண்டு அமெரிக்காவின் தேசிய ஆராய்ச்சிக் கவுன்சில் இளம் இயற்பியலாளர்களுக்கும் வேதியியலாளர்களுக்கும் இப்படி உதவித்தொகை கொடுக்கத் தொடங்கியது. அன்றைக்கு அரிதான சலுகையாக இருந்தது, இன்று இந்தியாவின் ஐ.ஐ.எஸ்.சி., டி.ஐ.எஃப்.ஆர்., ஐசர் போன்ற நிறுவனங்களில் ஆசிரியராகச் சேர ஏறத்தாழ எழுதப்படாத தகுதியாகிவிட்டது. கல்லூரி வேலையை மட்டும் நோக்குபவருக்கும் இதில் பயன் உண்டு. 2018-ஆம் ஆண்டு யு.ஜி.சி. விதிகளின்படி உதவிப் பேராசிரியர் நேர்காணலுக்கு ஆள் தெரிவு செய்யும்போது கற்பித்தல் அனுபவத்துக்கு ஆண்டுக்கு 2 மதிப்பெண், அதிகபட்சம் 10. போஸ்ட்டாக் அனுபவத்துக்கும் அதே கணக்குதான். வகுப்பெடுக்காமல் போனால் பின்தங்கிவிடுவோம் என்று பயப்படுகிறவர்கள் இந்த வரியைத் தேடிப் படிக்கவேண்டும்.

அப்படியென்றால் ஏன் நம் பக்கத்திலிருந்து இவ்வளவு குறைவாகப் போகிறார்கள்? திறமைக் குறைவு என்பதை நான் ஏற்கமாட்டேன். இந்த வேலை கிடைக்கும் விதமும் நாம் வேலை தேடும் விதமும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை என்பதே காரணம் என்று நினைக்கிறேன். நாம் பழகியது அறிவிக்கை, கடைசித் தேதி, தேர்வுக் கட்டணம், ஹால் டிக்கெட் என்ற வரிசை. போஸ்ட்டாக் இடங்களில் ஒரு பகுதிதான் அப்படி வருகிறது. மிச்சமுள்ளது, ஆய்வாளர் ஒரு பேராசிரியரைத் தேடிப்போய்ப் பேசி, இருவரும் சேர்ந்து உருவாக்கிக்கொள்வது. உதவித்தொகைத் திட்டங்களின் அமைப்பே இதைச் சொல்கிறது. மத்திய அரசின் தேசிய போஸ்ட்டாக் ஃபெலோஷிப் இரண்டு ஆண்டுகளுக்கானது. முன்பு செர்ப் என்ற மத்திய அரசு வாரியம் நடத்தியதை இப்போது அதன் இடத்துக்கு வந்த அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளை நடத்துகிறது. அதற்கு விண்ணப்பிக்கும்போதே யாரிடம், எந்த நிறுவனத்தில், என்ன ஆய்வு என்று எழுதி, அந்த நிறுவனத்தின் ஒப்புதல் கடிதத்தையும் இணைக்கவேண்டும். ஜெர்மனியின் ஹம்போல்ட் அறக்கட்டளையும் அங்குள்ள பேராசிரியர் ஒருவர் ஏற்றுக்கொண்டதாக எழுதித் தந்தால்தான் பரிசீலிக்கும். ஐரோப்பிய ஒன்றியத்தின் மேரி ஸ்கோடோவ்ஸ்கா-க்யூரி திட்டத்தில் ஆய்வாளரும் நிறுவனமும் சேர்ந்தே விண்ணப்பிக்கிறார்கள். எல்லாவற்றிலும் ஆள் முதலில், பணம் பிறகு. விளம்பரம் வரட்டும் என்று உட்கார்ந்திருப்பவர், அழைப்பு வெளியாகி ஒரு மாதக் கெடுவுக்குள் முன்பின் தெரியாத ஒரு பேராசிரியரின் சம்மதத்தை வாங்க ஓடுகிறார். அதற்குள் மற்றவர்கள் ஆறு மாதமாக அந்தப் பேராசிரியருக்குக் கடிதம் எழுதிப் பேசி முடித்திருப்பார்கள்.

எனவே கடிதம்தான் இதில் மையம். வெளிநாட்டிலும் உள்நாட்டிலும் பேராசிரியர்களுக்கு நாள்தோறும் வந்து குவியும் மின்னஞ்சல்கள் பெரும்பாலும் ஒரே அச்சு. 'மதிப்பிற்குரிய ஐயா' என்று தொடங்கி, தங்கள் புகழ்பெற்ற ஆய்வகத்தில் சேர மிகுந்த ஆர்வம் உடையவன், கடின உழைப்பாளி என்று சொல்லி, பன்னிரண்டு பக்க பயோடேட்டாவை இணைத்து முடியும். அதே கடிதம் ஐம்பது பேருக்குப் போயிருப்பது படிப்பவருக்குத் தெரிந்துவிடும், பதிலும் வராது. இதற்கு எதிரான கடிதம் எப்படி இருக்கும்? டெங்கு கொசு பூச்சிக்கொல்லிக்கு எப்படிப் பழகிப்போகிறது என்று மதுரைக் கல்லூரி ஒன்றில் ஒரு பெண் ஆய்வு செய்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். குழாய்த் தண்ணீர் நாள் விட்டு வருவதால் வீடுதோறும் சிமெண்ட் தொட்டியிலும் டிரம்மிலும் குடத்திலும் தேக்கி வைக்கிறார்கள், அங்கிருந்துதான் அவர் புழுக்களைச் சேகரித்திருக்கிறார். அவர் எழுதும் முதல் பத்தி பேராசிரியரின் ஒரு குறிப்பிட்ட கட்டுரையைச் சொல்லும்: பைரித்ராய்டு மருந்துக்கு இடம்கொடாத மரபணு மாற்றங்களை நீங்கள் இந்த இந்த ஊர்களில் அளந்தீர்கள், தண்ணீரைத் தேக்கும் வீடுகளைத் தனியாகப் பிரிக்கவில்லை. இரண்டாவது பத்தி, என்னிடம் அப்படிப் பிரித்துச் சேகரித்த மாதிரிகள் உள்ளன, நான் செய்யத் தெரிந்தவை இவை, தெரியாதது மரபணு வரிசைத் தரவைக் கணினியில் அலசுவது, அதை உங்களிடம் கற்க விரும்புகிறேன். மூன்றாவது, எந்த மாதத்தில் தீசிஸ் கொடுப்பேன், எந்த ஃபெலோஷிப்புக்கு உங்கள் பெயரோடு விண்ணப்பிக்கலாம். கூடவே இரண்டு பக்க விவரமும் தன் ஒரே நல்ல கட்டுரையும், அவ்வளவுதான். இதில் அலங்காரம் எதுவும் கிடையாது. ஆங்கிலம் பிழையின்றி ஓடவேண்டும் என்பதைவிட, தனக்கு என்ன தெரியும் என்ன தெரியாது என்பது தெளிவாக இருக்கவேண்டும். தெரியாததை ஒப்புக்கொள்ளும் அந்த வரியை எழுதத்தான் நம் மாணவர்கள் தயங்குகிறார்கள். ஒரு பேராசிரியருக்கு நம்பிக்கை தருவதும் அந்த வரிதான்.

அந்த 'ஒரே நல்ல கட்டுரை' என்பதில் சிலரை மனம் நோகச் செய்யவேண்டியிருக்கிறது. பணம் வாங்கிக்கொண்டு பத்து நாளில் அச்சிடும் இதழ்களில் எட்டுக் கட்டுரை போட்டவரைவிட, துறையில் எல்லோரும் படிக்கும் இதழில் ஒன்று போட்டவருக்குத்தான் கதவு திறக்கும். முனைவர் பட்டத்துக்குக் கட்டுரை வெளியிட்டே ஆகவேண்டும் என்ற கட்டாயத்தை 2022 விதிகளில் யு.ஜி.சி. நீக்கியதற்குக் காரணமே அந்த வணிகம் என்று பலர் கருதினார்கள். எண்ணிக்கையைக் கூட்டிக் காட்டும் பழக்கம் மட்டும் இன்னும் விடவில்லை. போஸ்ட்டாக் இடம் தருபவர் பட்டியலை எண்ணமாட்டார், ஒன்றைத் திறந்து படிப்பார்.

காலக் கணக்கும் முக்கியம். நம் பல்கலைக்கழகங்களில் சினாப்சிஸ் கொடுத்து, தீசிஸ் கொடுத்து, வெளித்தேர்வாளர்களின் அறிக்கை வந்து, வைவா நடக்கப் பல மாதங்கள் ஓடிவிடும். அந்த மாதங்களை அலுவலக வராந்தாவில் கழிக்கிறார்கள். தேசிய ஃபெலோஷிப்புக்குப் பட்டம் கையில் இருக்கவேண்டியதில்லை, தீசிஸ் சமர்ப்பித்திருந்தாலே விண்ணப்பிக்கலாம், பட்டம் வரும்வரை தொகை குறைவாக இருக்கும், அவ்வளவே. ஆகவே கடிதங்கள் புறப்படவேண்டிய நேரம் சினாப்சிஸுக்கு முந்தியது, ஏறத்தாழ ஒரு வருடம் முன்பு. துறைக்குத் துறை பருவமும் வேறு. உயர் ஆற்றல் இயற்பியலில் அக்டோபர் முதல் டிசம்பருக்குள் உலகம் முழுவதும் விண்ணப்பங்கள் போய், அடுத்த ஆண்டு இலையுதிர் காலத்தில் சேர்கிறார்கள். 'இன்ஸ்பயர்-ஹெப்' தளத்தின் வேலைப் பட்டியலைப் பார்த்தாலே அந்தப் பருவம் புரியும். உயிரியலிலும் வேதியியலிலும் பருவம் என்று ஒன்று இல்லை. ஓர் ஆய்வகத்துக்குத் திட்டப்பணம் வந்த மாதமே ஆள் எடுக்கும் மாதம்.

இதைக் கேட்டதும் எழும் முதல் மறுப்பு எனக்குத் தெரியும்: அப்படியென்றால் இது சிபாரிசு வேலைதானே, பெங்களூரிலும் டெல்லியிலும் படித்தவனுக்கு ஆள் தெரியும், உசிலம்பட்டியிலிருந்து வருபவனுக்கு யாரைத் தெரியும்? இந்த மறுப்பில் பாதி உண்மை. பெரிய நிறுவனங்களில் வாரம் ஒரு வெளிப் பேராசிரியர் வந்து பேசுகிறார், தேநீர் வேளையில் அறிமுகம் கிடைக்கிறது. கல்லூரி ஆய்வு மையம் ஒன்றில் கைடும் தானுமாக இருந்தவருக்கு அந்த வாய்ப்பு இல்லை. ஆனால் தேர்வு வைத்தால் மட்டும் இந்த ஏற்றத்தாழ்வு போய்விடும் என்று நினைப்பது சரியல்ல. ஆய்வு என்பது இரண்டு பேர் ஒரே மேசையில் உட்கார்ந்து ஆண்டுக்கணக்கில் பார்க்கும் வேலை. யாரோடு யார் என்பதைக் கொள்குறி வினா தீர்மானிக்க முடியாது. மேலும், முன்பின் தெரியாதவருக்கு எழுதும் கடிதம் என்பது ஆள் தெரியாதவரின் கருவி. ஆள் தெரிந்தவருக்கு அது தேவையே இல்லை. வத்திராயிருப்பில் 1898-இல் பிறந்து மதுரை அமெரிக்கன் கல்லூரியில் படித்த கே. எஸ். கிருஷ்ணன், 1920-களின் தொடக்கத்தில் கல்கத்தாவுக்குப் போய் சி. வி. ராமனிடம் சேர்ந்தார். அவரை அங்கே இழுத்தது ஒளிச்சிதறல் என்ற கேள்வியும் அதைத் துரத்திக்கொண்டிருந்த மனிதரும். 1928 மார்ச் இறுதியில் 'நேச்சர்' இதழில், ஒளிச்சிதறலில் கண்ட புதிய கதிர்வீச்சைப் பற்றி வந்த குறிப்பில் ராமன் பெயரோடு கிருஷ்ணன் பெயரும் இருந்தது. அன்றைக்குப் போஸ்ட்டாக் என்ற ஏற்பாடு இங்கே இல்லை. ஆனால் ஊரையும் பதவியையும் பாராமல் கேள்வி இருக்கும் இடத்துக்குப் போவது என்ற வழி நம் மண்ணுக்குப் புதிதல்ல.

இரண்டாவது மறுப்பு வயிற்றுப்பாட்டைப் பற்றியது. முப்பது வயதில் இன்னும் உதவித்தொகையா என்று வீட்டில் கேட்பார்கள், அந்தக் கேள்வி நியாயமானது. எண்களைப் பார்ப்போம். மத்திய அரசு 2023-இல் திருத்தியபடி, ஆய்வுத் திட்டங்களில் போஸ்ட்டாக்குக்கு இணையான ரிசர்ச் அசோசியேட்டாகச் சேர்பவருக்கு முதல் படியில் மாதம் 58,000 ரூபாய், மூன்றாம் படியில் 67,000. வீட்டு வாடகைப் படி தனி. யு.ஜி.சி. 2022-இல் அறிவித்த டாக்டர் ராதாகிருஷ்ணன் போஸ்ட்டாக் ஃபெலோஷிப்பில் 900 இடங்கள், மாதம் 50,000. கௌரவ விரிவுரையாளரின் 25,000-த்தோடு ஒப்பிட்டால் இது இரட்டிப்புக்குக் குறையாது. அமெரிக்காவில் தேசிய சுகாதார நிறுவனம் முதலாண்டுப் போஸ்ட்டாக்குக்கு 2024-இல் வைத்த அளவு ஆண்டுக்கு 61,008 டாலர், பாஸ்டன் போன்ற ஊரில் குடும்பத்தோடு வாழ அது தாராளமானதல்ல. ஆனால் மறுப்பின் கனம் தொகையில் இல்லை. பணம் மாதாமாதம் வருமா என்பதிலும், முடிந்தபின் என்ன என்பதிலும் இருக்கிறது. உதவித்தொகை பல மாதம் தாமதமாவதாக ஆய்வாளர்கள் நாடெங்கும் முறையிட்டு வருகிறார்கள், அந்தக் குறையை அரசு தீர்த்தே ஆகவேண்டும். இரண்டு ஆண்டு முடிந்ததும் இன்னொரு போஸ்ட்டாக், பிறகு இன்னொன்று என்று நாற்பதுவரை இழுத்துக்கொண்டு போகிறவர்களும் உண்டு. அதனால் போகிறவர் போகும்போதே ஓர் எல்லை வகுத்துக்கொள்வது நல்லது: இரண்டு இடம், மொத்தம் ஐந்து ஆண்டு. தேசிய ஃபெலோஷிப்பின் வயது வரம்பே 35, பட்டியல் இனத்தவர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர், பெண்கள், மாற்றுத்திறனாளிகளுக்கு 5 ஆண்டு தளர்வு. வயது ஏற ஏறக் கதவுகள் சாத்தப்படும் துறை இது, காத்திருப்பதன் விலை இங்கே அதிகம்.

பணம் என்றதும் இன்னொன்றையும் சொல்லவேண்டும். கட்டணம் கட்டினால் வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தின் போஸ்ட்டாக் சான்றிதழ், வீட்டிலிருந்தே ஓராண்டில் முடிக்கலாம் என்று அழைப்புகள் வருகின்றன. போஸ்ட்டாக் என்பது உங்களுக்குச் சம்பளம் தரும் வேலை. உங்களிடம் பணம் கேட்பது எதுவாக இருந்தாலும் அது போஸ்ட்டாக் அல்ல.

பெண்களுக்கு இந்த வழி இன்னும் செங்குத்தானது. முனைவர் பட்டம் முடியும் வயதும் திருமணம், பிள்ளைப்பேறு எல்லாம் நெருக்கும் வயதும் ஒன்றாகவே இருக்கின்றன. லேடி டோக் கல்லூரி போன்ற இடங்களிலிருந்து தலைமுறை தலைமுறையாக அறிவியல் படித்து வந்த பெண்கள் பலர், வேறு ஊருக்குப் போகமுடியாது என்ற ஒரே காரணத்தால் இந்தப் படியில் நின்றுவிடுகிறார்கள். இடைவெளி விட்டுத் திரும்புபவர்களுக்கென அறிவியல் தொழில்நுட்பத் துறை வைஸ்-கிரண் திட்டத்தையும், உயிரித் தொழில்நுட்பத் துறை பயோகேர் திட்டத்தையும் நடத்துகின்றன. தாமதமாக வருபவரை ஏற்க அவை உதவுகின்றன. ஆனால் ஊரை விட்டுப் போகவே முடியாதவருக்கு ஊரிலேயே போஸ்ட்டாக் இடம் இருக்கவேண்டும். மதுரையில் அது சாத்தியமா?

சாத்தியம் என்றே சொல்வேன். மதுரைப் பல்கலைக்கழகம் இருக்கும் பல்கலை நகரைத் தாண்டித் தேனி சாலையில் போனால் வடபழஞ்சி. அங்கே டி.ஐ.எஃப்.ஆர். அமைத்த உயர் ஆற்றல் இயற்பியல் மையத்தில் 85 டன் எடையுள்ள ஓர் இரும்புக் கருவி நிற்கிறது. பதினோரு அடுக்கு இரும்புத் தகடுகள், ஒவ்வொன்றும் நாலு மீட்டருக்கு நாலு மீட்டர், நடுவே வாயு நிரப்பிய கண்ணாடிக் கண்டறிகருவிகள், காந்தமாக்கச் சுற்றிய செப்புக் கம்பி. வானிலிருந்து விழும் மியூவான் துகள் ஒன்று உள்ளே வளைந்து போகும் பாதையை அது வரைந்து காட்டும். தேனி மாவட்டம் பொட்டிப்புரம் மலைக்குள் அமைய இருந்த 50,000 டன் நியூட்ரினோ கருவியின் சிறு முன்மாதிரி இது. பெரிய திட்டம் எதிர்ப்பாலும் வழக்காலும் நின்றுவிட்டது, அதன் நியாய அநியாயம் தனிப் பேச்சு. ஆனால் இந்தக் கருவியில் பழகும் கைத்திறன் உலகின் எந்தத் துகள் ஆய்வகத்திலும் செல்லும். சின்னச் சொக்கிகுளத்தில் ஐ.சி.எம்.ஆரின் கொசு ஆராய்ச்சி மையம் 1985-லிருந்து இருக்கிறது. அரவிந்த் கண் மருத்துவமனையை ஒட்டி அதன் ஆராய்ச்சி நிறுவனம், காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆய்வகம். வெளியூர்க்காரர் விண்ணப்பித்து வரும் இடங்கள் இவை. பேருந்து தூரத்தில் இருப்பவர் பலர் இவற்றுக்குக் கடிதம் எழுதியதில்லை.

போனவர்கள் திரும்பமாட்டார்கள், நம் பணத்தில் படித்து அயல்நாட்டுக்கு உழைப்பார்கள் என்ற மறுப்புக்கும் மதுரையே பதில் வைத்திருக்கிறது. எம். கே. சந்திரசேகரன் ஜெர்மனியின் ட்யூபிங்கனில், உயிர்க்கடிகார ஆய்வின் முன்னோடியான எர்வின் ப்யூனிங்கின் ஆய்வகத்தில் வேலை பார்த்தவர். 1970-களில் மதுரைப் பல்கலைக்கழகத்துக்கு வந்தபோது அங்கிருந்து விலையுயர்ந்த கருவி எதையும் அவர் கொண்டுவரவேண்டியிருக்கவில்லை, கேள்வியைக் கொண்டுவந்தார். அருகிலிருந்த இயற்கைக் குகையில் வௌவால்கள் இருந்தன. இருட்டிலேயே அடைத்து வைத்த ஒற்றை வௌவால், கூட்டத்தோடு ஒரே குகையில் இருந்தால் கூட்டம் வெளியேறித் திரும்பும் நேரத்துக்கே தன் நாளையும் வைத்துக்கொள்கிறது. வேறு வௌவால் இல்லாத குகையில் வைத்தால் அந்த நேரம் நழுவிப்போகிறது. ஜி. மாரிமுத்துவும் எஸ். ராஜனும் அவரும் 1981-இல் வெளியிட்ட இந்த முடிவு துறை முழுவதும் பேசப்பட்டது. ஜெர்மனியின் ஆண்டெக்ஸில் இருந்ததுபோல, பகல் இரவு தெரியாமல் மனிதர்களைத் தங்கவைத்து ஆராயும் அறையும் பல்கலை நகரில் எழுந்தது. அவர் போகாமல் இருந்திருந்தால் அந்தக் குகை குகையாகவே இருந்திருக்கும்.

அப்படிப்பட்ட பல்கலைக்கழகம் அண்மை ஆண்டுகளில் சம்பளமும் ஓய்வூதியமும் நேரத்துக்குத் தரமுடியாமல் தவித்ததை நாம் எல்லோரும் செய்தித்தாளில் படித்தோம். ஓய்வு பெற்றவர்களின் இடங்கள் நிரம்பாத துறையில் போஸ்ட்டாக்கை ஏற்க வழிகாட்டிகளும் குறைவு. அதைச் சரிசெய்வது மாநில அரசின் கடமை, அதற்காகக் குரல் கொடுத்துக்கொண்டே இருக்கவேண்டும். ஆனால் பணம் கேட்காத வேலைகளும் மிச்சம் இருக்கின்றன. ஒவ்வொரு துறையும் தன்னிடம் பட்டம் பெற்றவர்கள் எங்கே போஸ்ட்டாக் செய்தார்கள், யாரிடம், எந்த ஃபெலோஷிப்பில் என்று ஒரு பதிவேடு வைக்கலாம். அவர்களில் இருவரை ஆண்டுக்கொருமுறை காணொளியில் பேசச் சொல்லலாம். சினாப்சிஸ் கூட்டத்தில் ஆய்வுக் குழு கேட்கும் கேள்விகளோடு, எங்கெல்லாம் எழுதினாய், பதில் வந்ததா என்ற கேள்வியையும் சேர்க்கலாம். தன் மாணவர் வேறு ஒருவரிடம் போவதை விரும்பாத கைடுகள் சிலர் உண்டு, அவர்களுடைய ஒப்புதல் இல்லாமலே பரிந்துரைக் கடிதம் பெற இன்னொரு பேராசிரியரை ஆய்வுக் குழுவே நியமிக்கலாம். இந்தப் பருவத்தில் சினாப்சிஸ் கொடுக்க இருப்பவர்களின் பட்டியல் எல்லாத் துறை அலுவலகங்களிலும் ஏற்கெனவே இருக்கிறது. அவர்களிடமிருந்தே தொடங்கலாம்.